முட்டியும் டியூபும் பாக்கெட்டும்

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். பிரிட்டிஷ் இந்தியாவில் முழு மதுவிலக்கை முதலில் கண்ட மாவட்டம் இதுதான். அந்த ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்ற ராஜாஜிக்கு இது சொந்த மண். தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், சேலம் நகராட்சிக்குத் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழ் வெளிவந்தது. கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்து எழுதினார். அதற்கும் முன்னால், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பில் நின்ற 500 தென்னை மரங்களைக் கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று பெரியார் வெட்டிச் சாய்த்திருந்தார். ஆகவே அந்த அக்டோபர் திடீரென்று வந்ததில்லை. ஊர் ஊராகப் பேசி, மறியல் செய்து, பெண்களின் ஆதரவைத் திரட்டி வந்த நாள் அது.

இந்தக் கதையை அரசியலாகவும் வரவுசெலவாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். கலால் வருவாய் போனதால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது, அது பிறகு நாடெங்கும் பரவியது என்பது வரை எல்லாம் பதிவாகியிருக்கிறது. எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அது பாத்திரம். அந்த நாளுக்கு முன்னால் இந்தச் சேலம் சமவெளியில் குடிப்பது எதில் இறங்கியது, எதில் வீடு வந்தது, எதில் ஊற்றிக் கொடுத்தார்கள்? இன்று எதில் வருகிறது? பாத்திரத்தைப் பின்தொடர்ந்து போனால், சட்டத்தின் வரலாற்றில் கண்ணுக்குத் தப்பும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இரண்டு கடைகளையும் ஒரே நாளில் மூடினார்கள். ஆனால் ஒளித்து வைக்க முடிந்தது மட்டுமே பிழைத்தது.

முதலில் முட்டி. வயிறு பெருத்து வாய் குறுகிய சின்ன மண்பானை. பனையின் பாளையைக் கட்டி, இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் பாளை அரிவாளால் மெல்லிசாகச் சீவிவிட்டு, சீவிய முனையை முட்டியின் வாய்க்குள் விட்டுக் கட்டுவார்கள். பூச்சியும் தேனீயும் விழாமலிருக்க வாயில் பன்னாடை. மட்டையடியில் வலைபோல் நெய்துகொண்டு நிற்கும் அந்த நார்தான் வடிகட்டியும் மூடியும். மரமேறி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியது சுரைக்குடுக்கை. மரத்திலிருந்து முட்டியைக் கழற்றிக் குடுக்கையில் சாய்த்துக்கொண்டு இறங்குவார். கனம் இல்லாதது, மரத்தில் மோதினாலும் சட்டென்று உடையாதது, காசு கொடுத்து வாங்க வேண்டாதது.

அதே முட்டியின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் தெளுவு. பதநீரை எங்கள் பக்கத்தில் தெளுவு என்றுதான் சொல்வோம். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பைத் தவிர வேறு வேறுபாடு கிடையாது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல். காற்றிலும் பாளையிலும் பூச்சியின் காலிலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்த நொடியிலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுக்கும். சுண்ணாம்பு இல்லாத பானையிலோ அதற்கு நேர்மாறு. சுட்ட மண்ணின் நுண்துளைகளில் நேற்றைய ஈஸ்ட் தங்கியிருக்கிறது. புதுச்சாறு விழுந்ததும் நேற்றையது அதைப் பிடித்துக்கொள்கிறது. கள்ளுக்கு உறை ஊற்ற வேண்டியதில்லை, பானையே உறை.

இப்போது பாத்திரத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் சாற்றில் 100 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் நொதிக்கும்போது ஏறக்குறைய 50 கிராம் கரியமில வாயு வெளியேறும். நம் ஊர் வெயிலில் அந்த வாயுவுக்கு 25 லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். ஒரு லிட்டர் கள், 25 லிட்டர் வாயு! இறுக்கி மூடினால் எந்தப் பாத்திரமும் தாங்காது. அதனால்தான் முட்டிக்கு இறுகிய மூடி கிடையாது, பன்னாடைதான் உண்டு. நுரை பொங்கி வழியும், வழியட்டும். காலையில் இறக்கிய சாறு உச்சிக்குள் இளங்கள், மாலைக்குள் நல்ல கள், மறுநாள் புளிப்பு, அதற்கு மறுநாள் காடி. போதைச்சத்து 4 முதல் 6 சதவீதம், இன்றைய சாதாரண பீர் அளவு. ஆக, அன்றைய முட்டிக்குள் இருந்தது ஒருநாள் ஆயுள் கொண்ட உயிருள்ள பானம். சேர்த்து வைக்க முடியாது. தூரத்துக்கு அனுப்ப முடியாது. வாசனையும் நுரையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பதுக்கவும் முடியாது. குடிக்கும் அளவுக்கு அந்தப் பாத்திரமே வரம்பு கட்டியது. முட்டியில் உள்ளது தீர்ந்தால் மறுபடி மரம் சுரக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பரிமாறியது பட்டையில். இளம்பனையோலையை விரித்து, மடித்து, இரு முனையையும் சேர்த்துக் கட்டினால் தோணிபோல் ஒரு பாத்திரம். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். கீழே வைத்தால் சாய்ந்துவிடும் என்பதால் வைக்கவே முடியாது. குடித்து முடித்ததும் ஓலை மாட்டுக்கோ குப்பைக்கோ போகும். வளைகிற, மடிகிற பாத்திரம் பிளாஸ்டிக்கோடு வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பட்டையை நினைவூட்டத் தோன்றுகிறது. தெளுவை இன்றும் பட்டையில் குடித்தால்தான் தெளுவு என்பவர்கள் உண்டு. ஓலையின் பச்சை வாசனை அதில் சேர்வதால் அது உண்மையும்கூட.

வீட்டில் காய்ச்சாமல் நொதிக்கவைத்த பானம் பனையோடு தென்னையோடு நின்றதும் இல்லை. தமிழின் மிகப் பழைய பாட்டுகளிலேயே அரிசியில் செய்த மது இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் அதைச் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆறவிட்டு, முளையைக் கலந்து, சாடியில் ஊற்றி, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவைத்து, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். கலந்தது நெல்முளை என்று உரைகாரர் கொள்வர். முளைத்த தானியத்தைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி நொதிக்கவிடுவதுதான் உலகெங்கும் பீர் செய்யும் வழி. அதைத் தொண்டைநாட்டு வலைஞர் வீட்டில், மண்சாடியில், இரண்டு நாளில் செய்திருக்கிறார்கள். மூங்கில் குழாய்க்குள் ஊற்றி முதிரவிட்ட தேறலும் அக்காலப் பாட்டுகளில் உண்டு. நம் சமவெளிக்கு வடக்கே தகடூரில் ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் நற்குணங்களில் முதலாவதாக எதைச் சொல்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கள் கிடைத்தால் எமக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டு எங்களோடு சேர்ந்து குடிப்பான் என்பது அது. பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பங்கிடும் விதத்தில்தான் அவன் பெருமை இருந்தது.

இவ்வளவு சொன்னதால் 1937க்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். கள்ளுக்கடை ஏலமும் சாராய ஏலமும் அரசுக்குப் பணமாகவும், ஏலம் எடுத்தவருக்கு அதைவிடப் பெரிய பணமாகவும் இருந்தன. கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போன கணவனால் பட்டினி கிடந்த குடும்பங்கள் இந்தச் சமவெளி முழுக்க இருந்தன. மதுவிலக்கை அந்த வீட்டுப் பெண்கள் ஏன் வரவேற்றார்கள் என்பது இதைச் சொன்னாலே புரியும். ராஜாஜி கண்ட துன்பம் உண்மை. பாத்திரம் பற்றிய என் வாதம் அந்த உண்மையை மறுப்பதற்கில்லை.

ஆனால் சட்டம் முட்டியையும் சாராயப் பீப்பாயையும் ஒரே தட்டில் வைத்தது. அதற்குப் பிறகு நடந்த தாவல்கள் பலருக்கும் நினைவிருக்கும். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. 1973இல் கள்ளுக்கடைகளும், 1974இல் சாராயக்கடைகளும் திரும்ப மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு இரண்டையும் திறந்தது, 1987 ஜனவரி 1இல் இரண்டையும் மூடியது. அன்று மூடிய கள்ளுக்கடை இன்றுவரை திறக்கவில்லை. இதற்கிடையே 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கண்ணாடிப் பாட்டில் அரசாங்கத்தின் பாத்திரமாயிற்று. மரத்திலிருந்து இறங்கும் 5 சதவீதக் கள்ளுக்கு வழக்கு, ஆலையிலிருந்து வரும் 42.8 சதவீத பிராந்திக்கு ரசீது. ஒரு பனைமரம் வைத்திருக்கிற குடியானவன் தன் வீட்டுக்கென்று ஒரு முட்டி கள் இறக்கினாலும் குற்றம். அதற்குரிய சட்டம், பலமுறை திருத்தப்பட்டாலும், அன்று சேலத்துக்காக எழுதப்பட்ட அதே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்தான்.

ஒளிந்து வாழ வேண்டிய காலம் வந்தபோது முட்டி முதலில் தோற்றது. மரத்தின் உச்சியில் தொங்குவதை எங்கே ஒளிப்பது? நாலு மைல் தூரத்திலிருந்தே தெரியும். சாராயத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. வெல்லத்தைக் கரைத்து நிலத்தில் புதைத்த பானையிலோ பேரலிலோ ஊறல் போட்டு, ஓடை மறைவில் ஓர் இரவு காய்ச்சிவிட்டால், இறங்குவது கெடாத சரக்கு. ஒரு மாதம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். நொதிப்பு முடிந்துபோனதால் வாயுவும் கிடையாது. இறுக்கிக் கட்டலாம், குலுக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம். அப்படி ஓடுவதற்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டபோது, இந்தப் பகுதி அதைத் தன் மண்ணிலேயே வைத்திருந்தது. லாரி டியூப்.

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்கள். பாடி கட்டும் பட்டறையும் டயர் ரீட்ரெடிங் கடையும் இல்லாத சாலை இங்கே குறைவு. நாடெங்கும் ஓடித் தேய்ந்து வந்த சக்கரங்களின் பழைய டியூப்கள் பட்டறை வாசல்களில் குவிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இனி காற்றுத் தாங்காது என்று கழித்த டியூப் திரவத்தைத் தாங்கும். வாய்ப்பக்கம் அறுத்து, ஊற்றி, கயிற்றால் சுருக்கிட்டால் போதும். பல லிட்டர் பிடிக்கும். கண்ணாடிபோல் உடையாது, தகரம்போல் சத்தமிடாது. தோளில் போட்டால் தோளுக்கு வளையும், சைக்கிள் கேரியரில் போட்டால் கேரியருக்கு வளையும். காலியானதும் சுருட்டி இடுக்கில் செருகலாம். கல்வராயன் மலையிலிருந்து ஆத்தூர், தலைவாசல் பக்கமாகவும் கள்ளக்குறிச்சிப் பக்கமாகவும் இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில் சாராயம் டியூபில்தான் இறங்கியது. போலீஸ் பிடித்த செய்திகளில் 'லாரி டியூப்களில் அடைக்கப்பட்ட சாராயம்' என்ற சொற்கள் பல பத்தாண்டுகளாக மாறாமல் வந்துகொண்டிருக்கின்றன. வைக்கோல் போருக்குள், கிணற்று மேட்டுப் புதருக்குள், வீட்டுப் பரணில் பழைய சாக்குக்கு அடியில் என்று டியூபுக்கு வடிவம் இல்லாததால் அதற்கு எல்லா இடமும் பொருந்தியது.

டியூபின் குணமும் அதிலிருந்து வந்தது. ரப்பர் வாசனை சாராயத்தில் ஏறும். குடிப்பவர் அதற்குப் பழகிவிடுவார். உள்ளே என்ன நிறம், என்ன மிதக்கிறது என்று பார்க்க முடியாது. கடைசியாக எப்போது கழுவியது என்று கேட்க ஆளில்லை. முட்டியில் இருந்தவரை நுரையைப் பார்த்து, மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, இது காலையில் இறக்கியதா நேற்றையதா என்று சொல்லிவிட முடிந்தது. அந்தச் சோதனை முழுவதும் கறுப்பு ரப்பருக்குள் போய் மறைந்தது. என் பார்வையில் பாத்திரம் மாறியதன் முதல் பெரிய இழப்பு இது.

பாக்கெட் அதன் அடுத்த படி. டியூப் சுமப்பவனுக்குப் பாத்திரம். பாக்கெட் குடிப்பவனுக்குப் பாத்திரம். மெல்லிய பாலிதீன் பையில் ஒரு வேளைக்கு உரிய அளவை ஊற்றி முடிச்சிட்டோ சூட்டில் ஒட்டியோ கொடுத்துவிடலாம். டம்ளர் வேண்டாம், கடை வேண்டாம், உட்கார இடம் வேண்டாம். ஒரு மூலையைக் கடித்து வாயில் பிழிந்துகொண்டு வேலைக்குப் போகலாம். விற்பவருக்கும் வசதி. வீட்டுக்குள் ஒரு குடத்தில் பாதி தண்ணீருக்கு அடியில் இருபது பாக்கெட் கிடந்தால் யாருக்குத் தெரியும்? கள்ளுக்கடை வெளிப்படையானது. ஊர் பார்க்க நடந்தது, யார் எவ்வளவு குடித்தார் என்று ஊருக்குத் தெரிந்தது. பாக்கெட் வியாபாரம் வீட்டுக்குள் புகுந்தபோது அந்த ஊர்க்கண்ணும் போயிற்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. மளிகைக் கடை அதற்குக் கட்டுப்பட்டது. சட்டத்துக்கு வெளியே இருப்பவனுக்கு இன்னொரு தடை என்ன செய்யும்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை இந்த இடத்தில் எழுதாமல் கடந்துபோக முடியாது. ஜூன் 18 அன்று பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் அன்றிரவிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண் மங்கி, மூச்சு முட்டி விழத் தொடங்கினார்கள். அதில் மெத்தனால் கலந்திருந்தது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும், விழுப்புரத்துக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. நம் சேலத்து வார்டுகளில் அந்த வாரம் படுத்திருந்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

மெத்தனால் பார்வைக்கும் மணத்துக்கும் எத்தனால்போலவே இருக்கும். ஈரல் அதை உடைக்கும்போது ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது. கண் நரம்பை முதலில் தாக்குவது அதுதான். 10 மில்லி அளவே ஒருவரின் கண்ணைப் பறிக்கப் போதும். ஆலைக் கரைப்பானாக வாங்கி வருவதைக் காய்ச்சிய சாராயத்தோடு கலந்தால் ஊறலும் வேண்டாம், விறகும் வேண்டாம், லாபம் பல மடங்கு. முட்டிக் கள்ளில் மோசடியே நடந்ததில்லை என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் கலந்தார்கள், பிற்காலத்தில் கள்ளுக்கடைகளில் குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்து கலந்ததும் உண்டு. கள்ளுத் தடைக்கு இன்றுவரை அரசு சொல்லும் காரணமும் அதுதான். ஆனால் அந்தக் கலப்படமும் மரத்தடியில் நடந்ததில்லை, மரத்திலிருந்து கடைவரை வந்த நீண்ட வழியில் நடந்தது. மரத்துக்கும் வாய்க்கும் நடுவே எத்தனை பாத்திரம் மாறுகிறதோ, அத்தனை இடத்தில் கை வைக்கலாம். கருணாபுரத்துப் பாக்கெட் எத்தனை கை மாறி வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே விசாரணைக் குழுவும், பிறகு சி.பி.ஐ.யும் தேவைப்பட்டன.

அந்த மாதக் கடைசியில், ஜூன் 29 அன்று, சட்டசபையில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மறுபடி ஒரு திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். தண்டனை கூடியது நியாயமே. அந்த விவாதக் காலத்தில் கள்ளைத் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்ற குரலும் வலுத்தது. ஈரோடு, நாமக்கல் பக்கத்து விவசாயிகளிடம் அது பல ஆண்டுகளாக இருக்கும் கோரிக்கை. அரசு அசையவில்லை.

பாக்கெட்டுக்கு நேர் எதிராக, மடங்கும் பையை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தும் ஊர்கள் உலகில் உண்டு. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச வேண்டியிருந்த லைசென்ஸை 1963இல் நீக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1978இல் கையெழுத்தான சட்டம், பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர் வரை, விற்பதற்கல்லாமல் சொந்தத்துக்குக் காய்ச்சிக்கொள்ள இடம் கொடுத்தது. பிரிட்டனில் பாலிபின் என்று ஒன்று உண்டு. அட்டைப் பெட்டிக்குள் மெத்தென்ற பாலிதீன் பை, அடியில் ஒரு குழாய், பிடிப்பது 20 லிட்டர் அளவு. பீரை ஊற்ற ஊற்றப் பை சுருங்கிக்கொண்டே வரும், ஆகவே உள்ளே காற்றுப் புகாது. காற்றுப் புகாததால் சீக்கிரம் புளிக்காது. பாத்திரம் கெட்டியாக இருந்தால் நீங்கள் எடுத்த ஒவ்வொரு டம்ளருக்கும் பதிலாக ஒரு டம்ளர் காற்று உள்ளே போகும், அதோடு பீர் கெடத் தொடங்கும். இதே தத்துவத்தில்தான் 1965இல் ஆஸ்திரேலியாவில் ஆங்கோவ் நிறுவனம் பெட்டிக்குள் பையில் ஒயினை விற்றது. ஆனால் அங்கேயும் ஓர் எல்லை உண்டு. நொதிப்பு ஏறக்குறைய முடிந்து, வாயு அடங்கிய பானத்துக்கே பை பொருந்தும். பொங்குகிறதைப் பையில் அடைத்தால் உப்பி, குழாயைத் தள்ளிவிடும். லண்டனிலோ டொரண்டோவிலோ மாடிப்படிக்கு அடியில் இப்படி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வார இறுதியில் நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் தமிழருக்கு அது பொழுதுபோக்கு. அதே தமிழர் ஊருக்கு வந்து அப்பா வைத்த பனையில் ஒரு முட்டி கட்டினால் அது வழக்கு. நாமக்கல்லில் டியூப் எதற்காக வளைந்ததோ அதற்காகப் பாலிபின் வளையவில்லை. ஒன்று கண்ணில் படாமலிருக்க வளைந்தது. மற்றது காற்றுப் படாமலிருக்க வளைந்தது.

கள்ளைத்தான் அடைத்து வைக்க முடியாதா என்றால், முடியும். யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கின்றன, வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. கள்ளைச் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்ற பிறகே அடைக்கிறார்கள். உயிர் போன பிறகு அது பொங்காது, மாதக்கணக்கில் இருக்கும். குடித்தவர்கள் முட்டிக்கள்ளின் துள்ளல் அதில் இல்லை என்பார்கள். இருந்தாலும் தொழிலாளிக்குச் சங்கம், சங்கத்துக்கு அளவு, அளவுக்குச் சோதனை என்று ஒரு வழி அங்கே இருக்கிறது. கேரளத்திலும் கள் உரிமத்தோடு விற்பனையாகிறது. நம்மிடம் அந்த வழி 1987இல் அறுந்தது.

நம்மிடம் வந்தது நீரா. எடப்பாடிக்காரரான பழனிசாமி முதலமைச்சராக இருந்த 2017இல் தென்னையிலிருந்து நொதிக்காத நீரா இறக்க அரசு அனுமதி கொடுத்தது. சுண்ணாம்புக்குப் பதிலாக இங்கே குளிர்தான் காவல். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்கென ஒரு குளிர்ப்பெட்டியை வடிவமைத்திருக்கிறது. பாளையோடு பொருத்தும் பி.வி.சி. குழாய், அதன் அடியில் பெட்டி, பெட்டிக்குள் பனிக்கட்டி சூழ்ந்த கலன். சொட்டும் சாறு சொட்டிய நொடியிலேயே குளிர்ந்துவிடுவதால் ஈஸ்ட் முடங்கிவிடும். சாறு பொன்னிறமாக, வாடையில்லாமல் கிடைக்கிறது. அறிவியலாகப் பார்த்தால் நேர்த்தியான ஏற்பாடு. குடும்பமாகப் பார்த்தால் கணக்கு வேறு. பத்துத் தென்னை வைத்திருப்பவர் தினமும் பனிக்கட்டிக்கு எங்கே போவார்? மரமேறி ஒவ்வொரு பாளைக்கும் பெட்டியைச் சுமந்து ஏற வேண்டும். இறக்கியது முதல் குடிக்கும் வரை குளிர் ஓர் இடத்திலும் அறுந்துவிடக் கூடாது, அறுந்தால் அது கள், கள் என்றால் குற்றம். உற்பத்தியாளர் கம்பெனிகளாகச் சேர்ந்த பெரிய தோப்புக்காரர்களுக்கு இது கைகூடலாம். ஒற்றைப் பனையை நம்பியவனுக்குக் கைகூடாது.

பனைக்கோ சுண்ணாம்பு முட்டியே போதும். தை தொடங்கிக் கோடை முழுவதும் சாலையோரம் தெளுவு விற்பார்கள். அதுவும் இன்று பழைய தண்ணீர் பாட்டிலிலும் பாலிதீன் கவரிலும்தான் அதிகம் போகிறது. காரில் போகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார், பட்டையில் எப்படிக் கொண்டுபோவது? கவரில் கட்டிய தெளுவு வீடு சேர்வதற்குள் உப்பியிருந்தால், சுண்ணாம்பு போதவில்லை, பொங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சட்டப்படி வாங்கிய தெளுவு டிக்கியிலேயே சட்டவிரோதக் கள்ளாகிவிட்டது.

2021இல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. பனை விதைகளும் பரவலாக நடப்படுகின்றன. நட்ட பனை பாளை விட 15, 20 ஆண்டு ஆகும். அப்போது ஏறுவதற்கு ஆள் வேண்டும். ஏறும் கலை கருப்பட்டிக் காசில் மட்டும் நிற்காது, தெளுவும் கள்ளும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் மரத்தை நம்பி இருக்கும் என்பது மரமேறிகள் எப்போதும் சொல்வது. எனக்கும் அதில் சந்தேகமில்லை. 2023இல் அப்போதைய மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி, 90 மில்லி மதுவை டெட்ரா பேக்கில் கொடுப்பது பற்றிப் பேசினார். அவர் சொன்ன அந்தக் காகிதப் பெட்டி கர்நாடகத்தில் ஏற்கெனவே உண்டு, எல்லை தாண்டி இந்தப் பக்கம் கடத்தி வருவதும் உண்டு. எதில் அடைத்துக் கொடுப்பது என்று யோசிக்க அரசு முன்வந்திருக்கிறது என்றால், அந்த யோசனைக்குள் முட்டியையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏல முறை வேண்டாம், கடையும் வேண்டாம். சொந்த மரம், பதிவு செய்த மரமேறி, மூடியில்லாத மண்முட்டி, அன்றன்றைக்கு இறக்கியது அன்றே மரத்தடியில் என்று விதி வைத்தால், சேர்த்து வைக்கவோ கடத்தவோ முடியாத அந்தப் பாத்திரம் அதிகாரிகளின் வேலையில் பாதியைத் தானே செய்துவிடும். முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 1937இல் சேலத்தில் அப்படித்தான் தொடங்கினார்கள்.